நீதிபதி அத்தை

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் குழுவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். கொரியக் காதல் தொடர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் சிலர் சேர்ந்து போனில் நடத்தும் குழு அது. அங்கே யாரும் சொந்தப் பெயரில் உலவுவதில்லை. ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ், ஒருத்திக்குத் ‘தூங்காதவள்’ என்று பெயர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. ஆனாலும் கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற விஷயத்தில் பங்காளிச் சண்டைக்குக் குறைவில்லாமல் அடித்துக்கொள்வார்கள். சனி, ஞாயிறு மாலைகளில் தமிழ்க் குரலோடு எபிசோடு வரும். கடைசிப் பாட்டு ஓயுமுன்பே குழுவில் குருக்ஷேத்திரம் தொடங்கிவிடும்.

கண்ணாடிக்காரிக்குச் சண்டை போட வராது. பகல் முழுக்க லென்ஸின் விளிம்பை இழைத்து, ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்து, ஊரார் மூக்கிலும் காதிலும் கண்ணாடி ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீடு திரும்பினால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். அவளுக்கும் சேர்த்து மாமியார் பேசினாள்.

அந்த அம்மாளுக்கு ஒரு ஆளை எடைபோட இரண்டு காட்சி போதும். நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனால், “ஏண்டா, அவ என்ன சந்தையில வாங்கின மாடா? வாய் இருக்கில்ல, வான்னு கூப்பிடு” என்பாள். விபத்து என்றால், “இந்த நாட்டுல ஒரு லாரிக்காவது பிரேக் பிடிக்குதா பாரு” என்பாள். விபத்தில் அடிபட்டவனுக்கு நினைவு தப்பிவிட்டால் அன்றைக்கு அவள் கச்சேரிதான். “அம்மா பேரு ஞாபகம் இருக்கு, ஆபீஸ் போற வழி ஞாபகம் இருக்கு, காதலிச்சவ மூஞ்சி மட்டும் மறந்து போச்சாம். இவ்வளவு வசதியான வியாதி எங்க கிடைக்குதுன்னு தெரியலையே!”

ஒருநாள் கண்ணாடிக்காரி சிரிப்பு தாங்காமல், மாமியாருக்குத் தெரியாமல் அந்தப் பேச்சைப் போனில் பதிந்து குழுவில் போட்டுவிட்டாள். குழு விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரம் எபிசோடு முடிந்ததும் யாரும் சண்டை போடவில்லை. “அத்தை என்ன சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படித்தான் மாமியார் நீதிபதி அத்தை ஆனாள்.

விஷயம் தெரிந்ததும் முதலில் குதித்தாள். “என் குரலைக் கண்ட கண்ட பொம்பளைங்களும் கேக்கறாங்களா? உனக்கு வெக்கமா இல்ல?” என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்தே, “அந்த டீச்சர் என்னடி சொல்றா?” என்றாள். அதற்கப்புறம் எபிசோடு முடிவதற்குள் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். தீர்ப்பைச் சொல்லி முடித்தவுடன் அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பாள். “இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் காரமாப் பேசியிருக்கலாம்” என்று வருத்தப்படுவாள்.

அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். மகன் ஏசி மெஷின் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவன். வெளியூர்க் கிளைக்கு மாற்றல் என்று ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனான். கிளையும் இல்லை, மாற்றலும் இல்லை; கூட வேலை பார்த்த பெண்ணோடு குடித்தனம் என்று பிறகு தெரியவந்தது. ஒரே ஒரு தடவை போன் செய்து, “உன்கூட இருந்தா எனக்கு மூச்சு முட்டுது” என்று மனைவியிடம் சொன்னான். அவ்வளவுதான்.

அவளுக்குப் போக்கிடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் ஒருவன் உண்டு. அண்ணி வாசலிலேயே நலம் விசாரித்து அனுப்பிவிடுகிற ரகம். அப்போது மாமியார்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு மகனே இல்ல, நீதான் மக” என்றாள். சொன்னது போலவே நடந்தும் கொண்டாள். மருமகள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். மாமியாரின் முழங்கால் வலிக்கு மருமகள் தைலம் தேய்த்துவிடுவாள். படுக்கையறையில் இருவரும் ஒன்றாகப் படுத்துக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகும் யாரோ ஒரு கொரியப் பணக்காரனின் குணத்தை அலசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை துக்கம் விசாரிக்கிற குரலில், “மகன் எப்ப வருவாராம்?” என்று கேட்டாள். “எந்த மகன்?” என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள் மாமியார்.

கண்ணாடிக்காரி சந்தோஷமாக இருந்தாளா என்றால், இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் கண் பரிசோதனை செய்கிற அக்கா, “நீ இன்னும் சின்னப் பொண்ணுதானே, விடுதலை வாங்கிக்கிட்டு வேற ஒருத்தனைப் பாரேன்” என்று சொன்னபோதெல்லாம், “எங்க அத்தையை யாரு பாத்துக்குவா?” என்று சிரித்துவிடுவாள்.

அந்த வருஷம் ஒரு புதுத் தொடர் வந்தது. ரொட்டிக் கடை நடத்தும் ஒரு பெண். அவளைக் காதலித்து, கல்யாணத்துக்கு உடுப்பெல்லாம் எடுத்த பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமல் முதலாளி மகளோடு விமானம் ஏறிப் போய்விட்ட நாயகன். எதிர்ச்சாரியில் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர். அவன் தினமும் காலையில் வந்து ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகிறவன். மாமியார் முதல் வாரத்திலேயே பெயர் சூட்டிவிட்டாள். எப்போதும் நீளக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிந்ததால் நாயகன் ‘கோட்டு’. மற்றவன் ‘பூனை டாக்டர்’.

குழு இரண்டாகப் பிளந்தது. டீச்சர் கோட்டுக் கட்சி. “அவன் கண்ணைப் பாருங்க, அதுல எவ்வளவு சோகம்! ஏதோ காரணம் இருக்கும்” என்று பக்கம் பக்கமாக எழுதினாள். நர்ஸும் தூங்காதவளும் பூனை டாக்டர் கட்சி. “எந்தக் கதையிலயும் நல்லவனுக்கு மழையில நனையற வேலைதான் குடுக்கறாங்க” என்று நர்ஸ் பொருமினாள்.

“காரணம் இருக்குமாம், காரணம்!” என்று மாமியார் போனைப் பார்த்துப் பேசினாள். “டீச்சரம்மா, ஊர்ல திருடறவனுக்குக்கூடக் காரணம் இருக்கு. சொல்லாமப் போனவனுக்குச் சோகம் எதுக்கு? சோகமெல்லாம் அவன் விட்டுட்டுப் போன பொண்ணுக்குத்தான் சொந்தம். அந்தப் பூனை டாக்டர் ஒரு வாயில்லாப் பூச்சி, அது வேற விஷயம். ஆனா அவன் இருக்கான் பாருங்க. காலையில கடை திறந்தா எதிர்ல நிக்கறான். இருக்கிறவனுக்குத்தாம்மா மதிப்பு.”

இதைச் சொல்லும்போது மாமியார் ஒரு கையால் மருமகளின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்தத் தீர்ப்பைக் கண்ணாடிக்காரி கடைக்குப் போகும் வழியெல்லாம் காதில் போட்டுக் கேட்டாள்.

தொடர் பாதி தாண்டியபோது, எல்லாரும் எதிர்பார்த்தபடி கோட்டு திரும்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமை எபிசோடு அது. மழை. ரொட்டிக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் நிற்கிறான். உள்ளே அவள் கையில் மாவோடு நிற்கிறாள். கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று காட்டாமல் முடித்துவிட்டார்கள்.

மாமியார் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். போனை நீட்டியதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தாள். “திறக்காதே! சொல்றேன் கேட்டுக்கோ, திறக்காதே! போன காலு ஒண்ணு, வந்த காலு ஒண்ணா? அங்க எவளோ கதவைச் சாத்தியிருப்பா, அதான் இங்க வந்து நனையறான். இவன் வரலைன்னா இத்தனை நாள் நீ ரொட்டி சுடலையா, சாப்பிடலையா, தூங்கலையா? அவனைப் பெத்தவளே வந்து நின்னு கெஞ்சினாலும் திறக்காதே!”

குழுவில் அன்று கைதட்டல் பொம்மைகள் ஓயவில்லை. தூங்காதவள், “அத்தை மாதிரி எனக்கொரு மாமியார் கிடைச்சிருந்தா நான் ஏன் இப்படிக் கிடக்கறேன்” என்று எழுதினாள். கண்ணாடிக்காரி அதை வாசித்துக் காட்டியபோது மாமியார் பெருமையை மறைக்க முயன்று, முடியாமல், “போடீ, வேலையைப் பாரு” என்றாள்.

அடுத்த வாரத்தின் நடுவில் ஒருநாள், கண்ணாடிக்காரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்தே இருந்தது. செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு ஜோடி ஆண் ஷூ இருந்தது. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. உள்ளே எண்ணெய் காயும் வாசனை. மாமியார் முழங்கால் வலியால் அடுப்படியில் அதிகம் நிற்க மாட்டாள் என்பதால் அந்த வீட்டில் பொரியல் வறுவல் எல்லாம் நின்று நாளாயிற்று.

அவன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும், “வந்துட்டியா?” என்றான், காலையில் அனுப்பிவைத்தவன் போல.

மாமியார் சட்டுவத்தோடு எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை மருமகள் அத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. “நீயும் கை கழுவிட்டு உக்காரு. சூடா இருக்கு” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எதுவும் கேக்காதே. பசியோட வந்திருக்கான்” என்றாள்.

கண்ணாடிக்காரி பையைக்கூட இறக்காமல் படுக்கையறைக்குள் போனாள். மாமியாரின் படுக்கையும் தலையணையும் தைலப் புட்டியும் அங்கே இல்லை. எல்லாம் கூடத்தின் மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கட்டிலில் புதிதாக ஒரு விரிப்பு விரித்து, இரண்டு தலையணைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தாள் மாமியார். மருமகளின் துணிகளை அலமாரியின் ஒரு பாதிக்கு ஒதுக்கி, மறு பாதியைக் காலி செய்திருந்தாள்.

அவன் வந்து முழுசாக ஒரு பகல் ஆகியிருக்காது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முடிவு கேட்க வேண்டியவள் என்று அந்த வீட்டில் ஒருத்தி இருப்பது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று அவள் கூடத்தில் மாமியாருக்குப் பக்கத்திலேயே ஒரு விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். மாமியார் சும்மா புரண்டுகொண்டே இருந்தாள். கடைசியில், “உள்ள போய்ப் படேன்” என்றாள்.

“எனக்கு இங்கயே வசதியா இருக்கு அத்தை.”

“வீம்பு பிடிக்காதே. கூட இருந்தவ இவனை ஏமாத்திட்டாளாம். ரொம்ப நொந்து போய் வந்திருக்கான்.”

“சரி அத்தை.”

பிறகு மாமியார் அவள் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள். “அந்தப் போன்ல நான் பேசினதெல்லாம் இருக்கில்ல… அதையெல்லாம் அழிச்சுடு.”

“எதை?”

“அதான், கோட்டைப் பத்திப் பேசினது. அவன் தற்செயலாக் கேட்டு வச்சான்னா மனசு கஷ்டப்படுவான்.”

கண்ணாடிக்காரிக்கு அவன் விட்டுப் போன நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அழுகை வந்தது. பக்கத்தில் சாய்ந்துகொள்ள ஒரு தோளும் இருந்தது. இன்றைக்கு அழுகையும் வரவில்லை. “அழிச்சுடறேன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. மூன்று பேரும் டிவி முன் உட்கார்ந்தார்கள். அவன் நடுவில் இருந்த பெரிய நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மாமியார் வழக்கமாக உட்காரும் நாற்காலி அதுதான். அவள் ஸ்டூலில் இருந்தாள்.

ரொட்டிக்காரி கதவைத் திறந்தாள். கோட்டு உள்ளே வந்து அழுதான். தன் அம்மாவின் வைத்தியத்துக்காகத்தான் முதலாளி மகளோடு போக நேர்ந்தது என்றான். எதிர்ச்சாரியில் பூனை டாக்டர் ரொட்டி வாங்காமலே திரும்பிப் போனான்.

“யாரு இந்த லூசு?” என்று மகன் பூனை டாக்டரைக் காட்டிச் சிரித்தான். “இத்தனை நாள் சும்மா சுத்திச் சுத்தி வந்திருக்கான். ஒரு பொண்ணு மனசு யார்கிட்ட இருக்குன்னுகூடத் தெரியலை. இதையெல்லாம் ரெண்டு பேரும் உக்காந்து பாக்கறீங்களா?”

“பொழுது போகணுமே தம்பி” என்றாள் மாமியார், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் போல.

எபிசோடு முடிந்தது. போன் அதிர ஆரம்பித்தது. அத்தை எங்கே, தீர்ப்பு எங்கே என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்திகள். கண்ணாடிக்காரி என்ன நினைத்தாளோ, எப்போதும் போலப் போனை மாமியாரிடம் நீட்டினாள்.

மாமியார் மகனை ஒரு பார்வை பார்த்தாள். மருமகளைப் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். “என்னத்தைச் சொல்ல… பாவம், அந்தப் பையன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஆம்பளைன்னா ஒரு தடவை கால் வழுக்கத்தான் செய்யும். திரும்பி வந்துட்டான் இல்ல? வந்தவனை வாசல்ல நிக்க வச்சா குடும்பம்னு எதுக்கு இருக்கு? அந்தப் பொண்ணுதான் கொஞ்சம் இறங்கி வரணும். அந்தப் பூனை டாக்டர்… அவன் வெளியாள்தானே. எத்தனை நாள் எதிர்ல நின்னாலும் வெளியாள் வெளியாள்தான்.”

அவள் பேசி முடித்ததும் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கண்ணாடிக்காரி அதில் ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் குழுவுக்கு அனுப்பினாள்.

குழுவில் முதலில் நர்ஸ், “இது நம்ம அத்தையா?” என்று கேட்டாள். “அத்தைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று தூங்காதவள் கவலைப்பட்டாள். டீச்சருக்கு மட்டும் கொண்டாட்டம்: “நான் அப்பவே சொன்னேன் இல்ல, காரணம் இருக்கும்னு!” கடைசியில் யாரோ ஒருத்தி விளையாட்டாக எழுதினாள்: “அத்தையோட மகன் எவனாவது ஓடிப்போய்த் திரும்பி வந்துட்டானா என்ன?” அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

கண்ணாடிக்காரி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையில் அவன் குளிக்கப் போயிருந்த நேரம், சமையலறையில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி வாசற்படியில் நின்றாள்.

“அத்தை, நேத்து சொன்னது கோட்டுக்கா, உங்க மகனுக்கா?”

மாமியார் கத்தியை நிறுத்தவில்லை. “கதையை எதுக்குடி வீட்டுக்குள்ள இழுக்கற? அது கதை. இது வாழ்க்கை.”

“போன வாரம் வரைக்கும் எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு.”

“போன வாரம் அவன் வரலையே.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது மாமியாருக்கு உறைத்தது. கத்தியைக் கீழே வைத்தாள். “என்ன செய்யச் சொல்ற? இது அவன் வீடு. வந்தவனைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளச் சொல்றியா? நான் அவனைப் பெத்தவடி.”

“தெரியும் அத்தை. நீங்க என்னைப் பெத்தவங்க இல்லைங்கறதுதான் எனக்கு மறந்து போச்சு.”

மாமியாருக்குக் கண் கலங்கியது. ஆனால் அவள் கலங்கிய கண்ணோடு சொன்னது இதுதான்: “சத்தம் போடாதே. அவன் காதுல விழும்.”

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? கண்ணாடிக்காரி உள்ளே போய் அலமாரியின் தன் பாதியைக் காலி செய்தாள். மாமியார்தான் ஏற்கனவே ஒதுக்கி வைத்திருந்தாளே, எடுப்பது சுலபமாக இருந்தது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “எங்க கிளம்பற?” என்றான்.

“மூச்சு முட்டுது” என்றாள்.

அவனுக்கு அந்த வார்த்தை ஞாபகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. “ஜன்னலைத் திறந்து வையேன்” என்றான்.

மாமியார் கதவு வரைக்கும் வந்தாள். “ரெண்டு நாள் உங்க அண்ணன் வீட்டுல இருந்துட்டு மனசு ஆறினதும் வா” என்றாள். போகாதே என்று சொல்லவில்லை. அவள் ஒரு தடவை சொல்லியிருந்தால், எவ்வளவு பொய்யாகச் சொல்லியிருந்தாலும், கண்ணாடிக்காரி பையைக் கீழே வைத்திருப்பாள். தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள்.

கண் பரிசோதனை அக்கா ஒரு சலவைக் கடைக்கு மேலே அவளுக்கு அறை பார்த்துக் கொடுத்தாள். பகலில் இஸ்திரி ஆவி ஜன்னல் வழியாக ஏறி வந்து சுவரெல்லாம் கசியும். சுவரில் ஆணி நிற்காது. ஒரு ஆளுக்குச் சமைக்க அளவு தெரியாமல் முதல் வாரங்களில் தினமும் மிஞ்சியது. விடுதலை கேட்டு வக்கீலைப் பார்த்தாள். அவன் மறுப்பு ஏதும் சொல்லவில்லை. வக்கீல் ஆபீசில் போனையே நோண்டிக்கொண்டிருந்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். புருஷனைப் பிரிந்தது அவ்வளவு சுலபமாக முடிந்தது. மாமியாரைப் பிரிய எந்த வக்கீலிடம் போவது? தைல வாசனையோடு யாராவது கடைக்குள் வந்தால் லென்ஸ் இழைக்கும் கை நின்றுவிடும்.

தொடரும் முடிந்தது. ரொட்டிக்காரி கோட்டைக் கட்டிக்கொண்டாள். பூனை டாக்டர் கல்யாணத்துக்கு வந்து கைதட்டினான். குழு கொந்தளித்தது. கதை எழுதியவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்றாள் நர்ஸ். எல்லாரும் ஒரே குரலில் அத்தையைக் கேட்டார்கள். ஒரு மாதமாக அத்தையின் குரலே இல்லையே, கடைசித் தீர்ப்பாவது வேண்டாமா என்று கெஞ்சினார்கள்.

கண்ணாடிக்காரி சாப்பாட்டு இடைவேளையில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். என்ன எழுதுவது? எழுதினால் எங்கிருந்து தொடங்குவது? கடைசியில், “அத்தை இனிமே பேச மாட்டாங்க” என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அவள் நினைத்தது ஒன்று, குழு புரிந்துகொண்டது வேறு. “ஐயோ, எப்ப?” என்று தூங்காதவள் கேட்டாள். “அன்னைக்கே குரல்ல ஒரு தளர்ச்சி இருந்துச்சு, நான் கவனிச்சேன்” என்றாள் நர்ஸ். டீச்சர் ஒரு விளக்குப் படத்தைப் போட்டு, “எங்களைச் சிரிக்க வைத்த தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி” என்று எழுதினாள். ஆளுக்கொன்றாகப் பழைய தீர்ப்புகளைத் தேடியெடுத்துப் போட ஆரம்பித்தார்கள். லாரிக்குப் பிரேக் பிடிக்காதது, வசதியான வியாதி, கதவைத் திறக்காதே. முகம் தெரியாத பெண்கள், தங்கள் சொந்தத் தாய் போனது போல அழுதார்கள். “மனசைத் தேத்திக்கோ கண்ணாடி, உனக்குத்தான் பெரிய நஷ்டம்” என்று அவளுக்குத் தனித்தனியாக ஆறுதல் சொன்னார்கள்.

தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று எழுத அவள் விரலைக் கொண்டு போனாள். எழுதவில்லை. அவளுடைய இழப்புக்கு அதுவரை யாரும் துக்கம் விசாரிக்க வந்ததில்லை. “ஆமா, பெரிய நஷ்டம்தான்” என்று பதில் போட்டுவிட்டு, வீட்டை விட்டு வந்தபின் முதன்முறையாக அன்றைக்கு அழுதாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு முற்பகலில் மாமியார் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். மகன் வாசலில் இறக்கிவிட்டு, போன் பேசிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்விட்டான். மெலிந்திருந்தாள். படிக்கும் கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பை நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள்.

அக்கா பரிசோதித்து நம்பர் எழுதிக் கொடுத்தாள். ஃபிரேம் வைத்து அளவெடுப்பது கண்ணாடிக்காரியின் வேலை. மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள்.

“நேரா என்னைப் பாருங்க” என்றாள் கண்ணாடிக்காரி. எல்லாரிடமும் சொல்வதுதான்.

மாமியார் பார்த்தாள், இரண்டு தரம் பார்வை நழுவியது. மூன்றாம் தரம்தான் அளவு கிடைத்தது.

“சீரியல் எல்லாம் பாக்கறதில்ல இப்ப” என்றாள் மாமியார், யாரும் கேட்காமலே. “அவனுக்குச் சத்தம் ஆகாது. ஆபீஸ் விட்டு வந்ததும் அவனே ஏதாவது பாப்பான். துப்பாக்கி, கார்னு… எனக்கு ஒண்ணும் விளங்காது. அந்த ரொட்டிக் கடைக்காரி கடைசில என்ன ஆனா?”

“கோட்டையே கட்டிக்கிட்டா.”

“ம்.” மாமியார் அதற்குத் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் இருந்த துடைக்கும் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “குழுவுல என்னைக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இனிமே பேச மாட்டீங்கன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ரொம்ப அழுதாங்க அத்தை. எல்லாரும்.”

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா! மூஞ்சி தெரியாதவங்க. எவ்வளவு பாசம்!” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “டீச்சர் கூடவா?”

“டீச்சர்தான் முதல்ல.”

வாசலில் கார் ஹார்ன் ஒலித்தது. மாமியார் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் நிமிர மறுத்தது. கண்ணாடிக்காரியின் கை தானாக நீண்டு அவள் முழங்கையைத் தாங்கியது. “ஒருநாள் வீட்டுக்கு வாயேன். அவன் இல்லாதப்ப” என்றாள் மாமியார் மெல்ல.

“வியாழக்கிழமை கண்ணாடி தயாராயிடும். அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்றாள் கண்ணாடிக்காரி.

அந்த லென்ஸை அவளே இழைத்தாள். வயதான காதுகளுக்குப் பின்னால் அழுத்தாதபடி காம்பின் நுனியைச் சூடு காட்டி, இரண்டு மூன்று தரம் வளைத்துச் சரிபார்த்தாள். வியாழக்கிழமை அவன் வந்தபோது பின்னறையிலேயே இருந்துகொண்டாள். அக்காதான் உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.